நனைய விடாமல் வைத்த கெஸ்ட்டு

போன ஞாயிற்றுக்கிழமை சோறு ஆறிப்போகும் அளவுக்கு நீங்கள் இருவரும் சண்டை போட்டீர்கள். எங்கோ வெளிநாட்டில் ஒரு கால்பந்து கிளப், பெரிய ஆட்டம் எதிலும் இன்னும் ஆடிப் பார்க்காத ஒரு பையனைக் கோடி கோடியாகக் கொட்டி வாங்கியிருக்கிறதாம். தம்பி சொன்னான், "இப்ப வாங்கலைன்னா வேற கிளப் தூக்கிட்டுப் போயிரும்." பாப்பா விடவில்லை. "அப்ப அவங்க அகாடமியில சின்னதுல இருந்து ஆடுற பசங்க? பெஞ்சுல உக்காந்து வாழப்பழம் திங்கறதா?"

எங்கள் எஸ்டேட்டிலும் இப்படி ஒன்று நடந்தது என்று நான் சொன்னேன். இரண்டு பேரும் சண்டையை விட்டுவிட்டு ஒன்றாகச் சேர்ந்து சிரித்தீர்கள். "உங்க டீமுக்கு ஜெர்சியே பத்தாதுன்னு அம்மா சொல்லுச்சே" என்றாள் பாப்பா.

ஜெர்சி பத்தாது என்பது உண்மைதான். அந்தக் கதையிலேயே அதுவும் வருகிறது. வாயால் சொன்னால் நடுவில் எழுந்து போய்விடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். பிழை இருந்தால் திருத்திக்கொண்டு படியுங்கள்.

அப்போது நீங்கள் பிறக்கவில்லை. எனக்கும் அம்மாவுக்கும் கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. தேவாலாப் பக்கம் நம்முடைய இதே எஸ்டேட், இதே லயத்து வரிசை வீடு. தேயிலை விலை கீழே விழுந்து எழுந்திருக்காமல் கிடந்த வருசங்கள் அவை. சொந்தமாகக் கொஞ்சம் தோட்டம் வைத்திருந்தவர்கள் கொழுந்தைக் கிள்ளவே இல்லை. கிள்ளுகிற கூலிக்குக்கூடக் கொழுந்து விலை கட்டாது. செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து காடாக நின்றன. எங்கள் எஸ்டேட்டில் வாரத்தில் பாதி நாள் வேலை, பாதி நாள் வெறும் கை. லயத்தில் ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் திருப்பூருக்கோ கோயமுத்தூருக்கோ பஸ் ஏறிக்கொண்டிருந்தார்.

எனக்கு நர்சரியில் வேலை. நர்சரி என்றால் உங்களுக்குத் தெரியும்: தேயிலைக் கிளையை வெட்டி மண் நிரப்பிய பையில் ஊன்றி, நிழல் பந்தலுக்குக் கீழே வளர்க்கிற இடம். விலை விழுந்ததும் புதிதாக நடுவதை நிறுத்திவிட்டார்கள். நடவு இல்லையென்றால் நாற்று எதற்கு? பந்தலின் மேல்கூரை பிய்ந்து போனது, பைகள் மக்கிப் போயின. படிப்படியாக வெட்டிய மூன்று தட்டுகளும், பந்தல் போட்டிருந்த கல்தூண்களும் மட்டும் நின்றன.

நம் மலையில் சமதரை எவ்வளவு அபூர்வம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லயத்துப் பசங்கள் அதுவரைக்கும் ரோட்டில்தான் பந்தை உதைப்பார்கள். ரோட்டில் உதைத்தால் பந்து சரிவில் உருண்டு தேயிலைக்குள் போய்விடும். ஆடுகிற நேரத்தைவிடத் தேடுகிற நேரம் அதிகம். காலியான மேல்தட்டில் ஒரு நாள் நான் களை செதுக்கிக்கொண்டிருந்தபோது, "அண்ணே, இங்க ஆடட்டுமா?" என்று வந்து நின்றார்கள். ஆடுங்கடா என்றேன். அப்படித்தான் ஆரம்பம். நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. சும்மா நிற்கிறோமே என்று விசில் ஊதினேன், அவ்வளவுதான். தூண்களுக்கு நடுவில் வளைந்து வளைந்து பந்தைக் கொண்டுபோக அவர்களே பழகினார்கள். தூணில் மோதிக்கொண்டால் நெற்றி வீங்கும் என்பதால் நன்றாகவே பழகினார்கள். மழைக்காலத்தில் வேலை இன்னும் குறைவு. கொட்டுகிற மழையில் ஆடுவோம். ஆடி முடித்ததும் காலைத் தூக்கி வைத்து ஒருவருக்கொருவர் கடித்துத் தொங்கும் அட்டையைப் பிடுங்கிவிடுவோம்.

அந்தக் கூட்டத்தில் எல்லோரையும்விட நன்றாக ஆடியவன் உங்கள் மாமா.

மாமாவுக்கு அப்போது பத்தொன்பது வயது இருக்கும். அம்மாவுக்குக் கூடப் பிறந்தது அவன் ஒருவன்தான். தாத்தாவும் பாட்டியும் சிலோனிலிருந்து கப்பலேறி இந்தப் பக்கம் வந்து, இந்த மழையோடு போராடி, சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அம்மாதான் அவனை வளர்த்தாள். அவனுக்கும் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இடம் சொல்லி வைத்திருந்தது. மழை பிடிப்பதற்குள் போக வேண்டும். போகிறதில் அம்மாவுக்கு வருத்தம் இருந்தாலும் தடுக்கவில்லை. இங்கே என்ன இருக்கிறது என்று தடுப்பது? அவளுக்கு இருந்த பயம் வேறு.

எஸ்டேட் டீமில் ஒரு தடவையாவது ஆட வேண்டும் என்று அவன் மூன்று வருசமாகக் காத்திருந்தான். மூன்று வருசமும் எடுக்கவில்லை. ஏனென்றால் நம் பக்கத்தில் ஏழு பேர் ஆடுகிற ஆட்டத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. டோர்னமெண்ட் வந்தால் நாடுகாணிச் சுரம் என்கிற மலைப்பாதைக்குக் கீழே, மலையாளப் பக்கத்திலிருந்து காசு கொடுத்து ஆட்களைக் கூட்டி வருவார்கள். அவர்களுக்குக் கெஸ்ட்டு என்று பெயர். கெஸ்ட்டு இல்லாத டீமை யாரும் மதிக்க மாட்டார்கள். கெஸ்ட்டுகள் வந்தால் லயத்துப் பசங்கள் பந்து பொறுக்க வேண்டியதுதான்.

"இந்த வருசமும் ஆடாம போனான்னு வைங்க, அவன் இந்தப் பக்கமே திரும்ப மாட்டான்" என்றாள் அம்மா. "எனக்கு அவன தெரியும். தீவாளிக்குக்கூட வர மாட்டான். ஏங்க, ஒரே ஒரு ஆட்டம். நீங்க மேஸ்திரிகிட்ட சொல்லுங்க."

மேஸ்திரி என்றால் எங்கள் கிளப்புச் செயலாளர். காட்டு வேலை மேஸ்திரியும் அவர்தான். சின்ன வயதில் கோல் காக்கிற கோலியாக நின்று ஒரு விரல் ஒடிந்து, கோணலாகவே சேர்ந்துவிட்டது. அந்த விரலை நீட்டித்தான் எல்லோருக்கும் வேலை காட்டுவார். அவர் காட்டுகிற திசை ஒன்று, விரல் போகிற திசை ஒன்று. நல்ல மனுசன். டீம் என்றால் உயிர்.

நான் அவரிடம் சொல்வதற்குள் அவர் கூட்டம் போட்டுவிட்டார். கோயில் முன்னால் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். வழக்கமாக டீமுக்கு ஆளுக்கு ஒரு நாள் சம்பளம் கொடுப்போம். அந்த வருசம் பாதி நாள் சம்பளம்தான் என்று முடிவாகியிருந்தது. அதில் இரண்டு மூன்று கெஸ்ட்டுகளைக் கூட்டிவர முடியாது.

"அதனால இந்த வருசம் ஒரே ஆளு" என்றார் மேஸ்திரி. "ஆனா ஆளுன்னா ஆளு. பதினெட்டு வயசுதான். இன்னும் யாரு கண்ணுலயும் படல. மொத்தக் காசையும் அவன் மேல போட்டுட்டேன்."

"எத்தன ஆட்டம் பாத்தீங்கண்ணே?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஒண்ணு."

"ஒண்ணேதானா?"

"மூணு கோலு அடிச்சான்யா! பாத்த கண்ணுக்குத் தெரியும். அடுத்த வருசம் இவன் வெல எங்கயோ போயிரும். இப்பவே புடிச்சுப் போட்டாத்தான் உண்டு."

கொழுந்து எடுக்கிற ஒரு அக்கா பின்னாலிருந்து குரல் கொடுத்தார். வாய்க்குப் பெயர்போனவர். "ஏன் மேஸ்திரி, பொண்ணு பாக்கப் போனாக்கூட ரெண்டு தடவ போவீங்களே?"

எல்லோரும் சிரித்தோம். மேஸ்திரியும் சிரித்தார். ஆனால் காசு போய்ச் சேர்ந்துவிட்டது. கூட்டம் கலைந்த பிறகு நான் அவரைத் தனியாகப் பிடித்தேன்.

"அண்ணே, ஒரு கெஸ்ட்டு போக மீதி ஆறு பேரு நம்ம ஆளுகதானே. எங்க மாப்ளய போடுங்க."

"போடலாம்ப்பா. ஆனா கெஸ்ட்டு ஆடுற எடமும் உங்க மாப்ள ஆடுற எடமும் ஒண்ணு. முன்னால ஓடுறவன் ரெண்டு பேரு எதுக்கு? வேணும்னா மாத்து ஆளா வச்சுக்கறேன்."

மாற்று ஆள் என்றால் கோட்டுக்கு வெளியே உட்கார வேண்டியது. அதற்கு ஜெர்சிகூடக் கிடையாது. இருந்த பழைய ஜெர்சிகள் ஆடுகிறவர்களுக்கே சரியாக இருந்தன. கெஸ்ட்டுக்கு மட்டும் பத்தாம் நம்பர் போட்டுப் புதிதாக ஒன்று வாங்கியிருந்தார்கள். மாமாவிடம் சொன்னபோது, "சரி மச்சான்" என்று ஒரு வார்த்தைதான்.

டோர்னமெண்டுக்கு ஒரு வாரம் முன்னால் கெஸ்ட்டு பஸ்ஸிலிருந்து இறங்கினான். ஒல்லியான பையன். வெள்ளை ஷூ. முதல் காலை வைத்ததே செம்மண் சேற்றில். அந்த வருசம் மழை முந்திக்கொண்டது. மேஸ்திரி அவன் ஆட்டத்தைப் பார்த்தது சுரத்துக்குக் கீழே, அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த வயலில். நம் மண் எப்படி என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விட்டிருந்தால் தெரிந்திருப்பான். அங்கேதான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு தப்புப் பண்ணினோம்.

மொத்தக் காசும் ஒரே ஆள் மேல் இருக்கிறதே, அவனுக்குக் காய்ச்சல் வந்தால்? வழுக்கி விழுந்தால்? மேஸ்திரிக்குத் தூக்கமே போய்விட்டது. பையன் வெளியே தலை நீட்டினால், "மழ வருது, உள்ள போ தம்பி!" என்று நாலு பக்கமிருந்தும் குரல் வரும். கக்கூஸுக்குப் போனால்கூட மேஸ்திரி பின்னாலேயே குடை பிடித்துக்கொண்டு போவார். பிராக்டீஸ் எங்கே தெரியுமா? கொழுந்து நிறுக்கிற கொட்டகையில். தகரக் கூரைக்குக் கீழே, காய்ந்த சிமெண்ட் தரையில், தனியாக. சுவரில் உதைப்பான், சுவர் திருப்பிக் கொடுக்கும்.

இதோடு சாப்பாடு வேறு. கெஸ்ட்டுக்கு முறைச் சாப்பாடு போடுவது எங்கள் லயத்து வழக்கம். காலையில் ஒரு வீடு, மத்தியானம் ஒரு வீடு, ராத்திரி ஒரு வீடு. பக்கத்து வீடு முட்டைக் குழம்பு வைத்தது என்றால் அடுத்த வீட்டில் கோழி. தங்கள் பிள்ளைகளுக்குக் கறி ஆக்கிப் போட்டு மாதக்கணக்கு ஆனவர்கள்கூடக் கௌரவத்தை விடவில்லை. பையனுக்கு வேண்டாம் என்று சொல்லக் கூச்சம். நம் வீட்டு முறை வந்தபோது, "மதி சேச்சி, மதி" என்று இலைக்குக் குறுக்கே கையை வைத்துக்கொண்டு கெஞ்சினான். மதி என்றால் போதும் என்று அர்த்தம். அது அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் கையை விலக்கிவிட்டு இன்னொரு கரண்டி போட்டாள். "வெல குடுத்து வாங்குன புள்ள, பட்டினி போட்டோம்னு பேரு வரக் கூடாது" என்றாள். மாமா அதே வரிசையில் உட்கார்ந்து, தலையைத் தூக்காமல் சாப்பிட்டான்.

கொட்டகைக்கு நேர் மேலேதான் நர்சரித் தட்டு. நாங்கள் மழையில் ஆடுகிற சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கிறது. ஒரு நாள் மேஸ்திரி ஆள் கணக்கெடுக்கிற மஸ்டருக்குப் போன நேரம் பார்த்து மேலே ஏறி வந்துவிட்டான். பலா மரத்தடியில் நின்று பார்த்தான். மாமாவுக்கு அவன் மேல் என்ன பிரியம் இருக்க முடியும்? பந்தை ஓங்கி ஒரு உதை விட்டான். சேறும் பந்துமாக நேரே கெஸ்ட்டின் வெள்ளைச் சட்டையில் போய் அப்பியது. எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம்.

கெஸ்ட்டு சட்டையைக் குனிந்து பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டே ஷூவைக் கழற்றி மரத்தடியில் வைத்துவிட்டுப் பந்தோடு உள்ளே ஓடி வந்தான். நாலு அடி வைக்கவில்லை, மல்லாக்க விழுந்தான்.

மாமா போய்க் கையைக் கொடுத்துத் தூக்கினான். "குதிகால ஊனாத. வெரல ஊனு."

"இங்ஙனயா?"

"இன்னும் கொஞ்சம். சும்மா நின்னா அட்ட ஏறிரும்டா. ம், அப்பிடி."

அட்டை என்ற பேச்சை எடுத்ததாலோ என்னவோ, கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே ஒன்று அவன் கணுக்காலில் ஏறிவிட்டது. அவன் போட்ட கூச்சல் கீழே ஆபீஸ் வரைக்கும் கேட்டிருக்கும். மாமா உட்கார்ந்து அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "மூணு கோலு அடிச்சவனாம்" என்றான். கெஸ்ட்டு உட்பட எல்லோரும் உருண்டு சிரித்தோம். அவனுடைய ஆட்டத்தை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். வழுக்காத இடத்தில் பந்து அவன் காலை விட்டுப் பிரிவதே இல்லை. மேஸ்திரி கண்ணில் தப்பு இல்லை. நல்ல பையனைத்தான் பிடித்திருந்தார்.

கூச்சல் கேட்டுக் குடையோடு ஓடி வந்த மேஸ்திரிக்கு முகமெல்லாம் வெளுத்துவிட்டது. "யாரு பொறுப்பு? காச்சல் வந்தா யாரு பொறுப்பு?" என்று கோணல் விரலை எங்களை நோக்கி ஆட்டினார். அது பலா மரத்தைக் காட்டியது. அதோடு சரி. கெஸ்ட்டை மறுபடியும் மேலே விடவில்லை. டோர்னமெண்டுக்கு முன்னால் மழையில் அவன் ஆடியது அந்த ஒரு பொழுதுதான்.

டோர்னமெண்டில் தோற்றால் அதோடு வெளியே. முதல் ஆட்டம் ஸ்ரீமதுரைப் பக்கத்து டீமோடு. அவர்கள் விவசாயம் பண்ணுகிறவர்கள். சேறு அவர்களுக்கு வீட்டு வாசல் மாதிரி. எஸ்டேட் லாரியில் லயமே ஏறிப் போனோம். மத்தியானத்திலிருந்தே மழை. கோட்டுக்கு வெளியே ஒரு சாக்கை விரித்து மாமா உட்கார்ந்திருந்தான், வெறும் பனியனோடு. அம்மா அவனுக்குப் பின்னால் குடையைப் பிடித்து நின்றாள். குடை இருந்தும் அவனும் நனைந்தான், அவளும் நனைந்தாள்.

கெஸ்ட்டு பாவம். பந்து வரும்போது கால் போய்விடும், கால் நிற்கும்போது பந்து போய்விடும். எதிர்க் கூட்டத்தில் ஒரு ஆள் கத்தினார், "மேஸ்திரி, உங்க பத்தாம் நம்பரு பந்தத் தேடுறானா, செருப்பத் தேடுறானா?" இன்னொருவர், "கொடைய மறந்துட்டு வந்துட்டீங்களா? உள்ள போய்ப் புடிங்க!" குடை விவகாரம் ஸ்ரீமதுரை வரைக்கும் போயிருக்கிறது. பாதி ஆட்டம் முடிந்தபோது ஒரு கோல் பின்னால் இருந்தோம்.

இடைவேளையில் நான் மேஸ்திரியிடம் போனேன். "அண்ணே, மாப்ளய எறக்குங்க."

அவர் என்னைப் பார்க்காமல் மைதானத்தையே பார்த்தார். "இவன எடுத்துட்டா வூட்டு வூட்டுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? பாதி நாள் சம்பளத்த வாங்கிட்டு வந்து வெளிய உக்கார வச்சேன்னு சொல்லுவாங்களே. ஆடட்டும். ஆடி ஆடிச் சரியாயிரும்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது எனக்குப் புரியவும் செய்தது. காசு கொடுக்காமல் வந்தவனாக இருந்தால் அந்த நிமிசமே வெளியே அனுப்பியிருப்பார். காசு கொடுத்ததால்தான் முடியவில்லை. திரும்பிப் பார்த்தேன். மாமா சாக்கை மடித்துக்கொண்டிருந்தான். கிளம்பப் போகிறான் என்று தெரிந்தது. அம்மா அவன் தோளில் கையை வைத்திருந்தாள். அழுத்திப் பிடித்திருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆட்டம் மறுபடியும் ஆரம்பித்தது. கெஸ்ட்டு ஒரு பந்துக்கு ஓடினான், விழுந்தான், கணுக்காலைப் பிடித்துக்கொண்டான். பிறகு எழுந்து, நொண்டி நொண்டி, மேஸ்திரி இருந்த பக்கம் வராமல் நேராக மாமாவிடம் வந்தான். ஜெர்சியைக் கழற்றினான். ஈரத்தில் தலையில் மாட்டிக்கொண்டது. அம்மாதான் பிடித்து இழுத்துவிட்டாள்.

"இடடா, வேகம் இடு" என்று மாமாவின் மடியில் போட்டான். "வெரல ஊனு, கேட்டோ?"

மாமா அதைப் போட்டுக்கொண்டு ஓடினான். பிழியக்கூட இல்லை.

அப்புறம் நடந்ததை எங்கள் லயத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லுவார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். மாமா ஒன்றும் பெரிய வித்தை காட்டவில்லை. விழாமல் நின்றான், அவ்வளவுதான். எல்லோரும் வழுக்குகிற தரையில் ஒருவன் நின்றால் அதுவே போதும். ஒரு பந்து வந்தது. முன்னால் மூன்று பேர் மறித்தார்கள். அவன் அவர்களைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை, நர்சரித் தூண்களைத் தாண்டுவது போல வளைந்து வளைந்து போனான். கடைசியில் கோலியும் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். பந்தை உள்ளே தள்ளிவிட்டுத் திரும்பினான். உங்கள் அம்மா அந்தக் கோலைப் பார்க்கவில்லை. குடையை முகத்துக்கு நேரே சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பார்த்தேன் என்றுதான் இன்றைக்கும் சொல்லுவாள். நம்பாதீர்கள்.

இரண்டாவது கோலை எங்கள் கேப்டன் போட்டார். ஃபேக்டரியில் அடுப்புக்கு விறகு போடுகிறவர். பந்து எடுத்துக் கொடுத்தது மாமா. அன்றைக்கு ஜெயித்தோம்.

லாரியில் எல்லோரும் பாடிக்கொண்டு வந்தோம். மேஸ்திரி மட்டும் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். லயத்தில் இறங்கும்போது என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார், "நாளைக்கு அந்தப் பையன மேல கூட்டிட்டுப் போப்பா. நனையட்டும்."

மறுநாள் காலையில் கெஸ்ட்டு நம் வீட்டு முன்னால் இருக்கிற காவாயை ஒரே தாவாகத் தாவி வந்தான். "கால் எப்படி இருக்கு?" என்று கேட்டேன். அவன் காலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "வேதன போயி சேட்டா" என்றான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. மாமாவும் கேட்கவில்லை. இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு நர்சரிக்கு ஏறினார்கள்.

அடுத்த ஆட்டத்தில் இருவரையும் இறக்கினார் மேஸ்திரி. முன்னால் ஓடுகிறவன் இரண்டு பேர் எதற்கு என்று கேட்டவர் அவர்தான். ஒருவன் கொடுக்க ஒருவன் வாங்க, பார்க்க அத்தனை அழகாக இருந்தது. ஆனாலும் ஒரு கோலில் தோற்றோம். யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை. நன்றாக ஆடித் தோற்றால் சாப்பாடு இறங்கத்தான் செய்கிறது.

கெஸ்ட்டு ஊருக்குப் போனான். பிறகு பெரிய ஊர்களில் ஆடினான் என்று கேள்விப்பட்டேன். ஆடியிருப்பான்.

மாமா திருப்பூருக்குக் கிளம்பிய காலையில் மேஸ்திரி பஸ் நிற்கிற இடத்துக்கு வந்தார். கையில் அந்தப் பத்தாம் நம்பர் ஜெர்சி, துவைத்து மடித்தது. மாமா சந்தோசமாகக் கையை நீட்டினான். மேஸ்திரி உடனே சொன்னார், "குடுத்துட்டேன்னு நெனச்சுக்காத. கிளப்புச் சொத்து. அடுத்த வருசம் டோர்னமெண்டுக்குத் திருப்பிக் கொண்டாந்துரணும்."

"கொண்டாரேண்ணே" என்றான் மாமா. பஸ் போன பிறகும் அம்மா சிரித்துக்கொண்டுதான் நின்றாள். அழுவாள் என்று நினைத்துத் துண்டெல்லாம் எடுத்துப் போயிருந்தேன்.

அடுத்த வருசக் கூட்டத்தில் மேஸ்திரி எழுந்து, "திருப்பூர்ல ஒரு ஆளு இருக்கான். பனியன் கம்பெனி டீம்ல ஆடுறான். பஸ் சார்ஜு, லீவு போட்ட சம்பளம், எல்லாம் குடுத்துத்தான் கூட்டியாரணும்" என்றார்.

வாய்க்கார அக்கா விடுவாரா? "அவன் நம்ம லயத்துல பொறந்தவன்யா! மூணு வருசம் சும்மா கெடந்தான், அப்பக் கண்ணு தெரியல. இப்பக் காசு குடுத்து வாங்கறீங்களா?"

மேஸ்திரி கோணல் விரலால் தலையைச் சொறிந்துகொண்டார். "வெளியூரு போனாத்தானே கெஸ்ட்டு" என்றார்.

இதில் ஒரு தொல்லை வந்தது. கெஸ்ட்டு என்றால் முறைச் சாப்பாடு உண்டே. "என் தம்பிக்கு மொறச் சோறா? அக்கா நான் இருக்கேன்" என்று அம்மா சண்டைக்கு நின்றாள். மற்ற வீட்டுக்காரர்கள், "வழக்கம் வழக்கம்தான், எங்க மொறய விட மாட்டோம்" என்றார்கள். கடைசியில் மாமா ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தடவை சாப்பிட்டான், நம் வீட்டில் வந்து இன்னொரு தடவை சாப்பிட்டான். "மதி, மதி" என்று கையை வைத்துக் கெஞ்சினான். அம்மா கையை விலக்கிவிட்டுப் போட்டாள்.

இப்படியே வருசா வருசம் வந்தான். பிறகு தேயிலை விலை மெல்ல எழுந்தது. புதிதாக நடப் போகிறார்கள், நர்சரியைத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும் என்று ஆபீஸில் உத்தரவு வந்தது. எனக்கு வேலை திரும்பி வந்தது. சந்தோசம்தான். ஆனால் பசங்கள் தட்டின் ஓரத்தில் வந்து நின்று, நான் பந்தல் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்த வருசம் மேஸ்திரி சார்ஜ் பேச வந்தபோது மாமா சொன்னான், "காசு வேணாம்ணே. தொர கிட்டப் பேசி ஒரு தட்ட மட்டும் காலியா விடச் சொல்லுங்க. அதுதான் என் சார்ஜு."

மேஸ்திரி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மேனேஜர் துரையின் பங்களாவுக்குப் போனார். மூன்று தட்டில் மேல்தட்டைக் கேட்டார், கீழ்த்தட்டு கிடைத்தது. அது கொஞ்சம் சரிவுதான்.

நீங்கள் இரண்டு பேரும் பந்தை உதைக்கப் பழகியது அந்தக் கீழ்த்தட்டில்தான். மேலே பந்தலுக்குள் நான் நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பார்ப்பேன். நாற்றை நடுவதற்கு முன்னால் பந்தலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, வெயிலையும் மழையையும் காட்டிப் பழக்குவோம். வெளியிலிருந்து வாங்கி வந்த நாற்றானாலும் சரி, நாமே வளர்த்ததானாலும் சரி, அதைச் செய்யாமல் நட்டால் பிடிக்காது. வாங்குவது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை, தம்பி. அந்தப் பையன் வராமல் இருந்திருந்தால் நமக்கு அவன் சிநேகிதம் கிடைத்திருக்காது. பாப்பா சொன்னதும் சரிதான். நம் பசங்கள் சாக்கில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த வெளிநாட்டுக் கிளப்புக்காரர்கள் அந்தப் பையனை நனைய விடுகிறார்களா என்று மட்டும் எனக்குப் பார்த்துச் சொல்லுங்கள்.

இந்த வருச டோர்னமெண்டுக்கும் மாமா வருகிறான். தொப்பை போட்டுவிட்டது, ஆடுவது கஷ்டம்தான், ஆனாலும் வருகிறான். ஜெர்சி இன்னும் அவனிடம்தான் இருக்கிறது. ஒவ்வொரு வருசமும் கொண்டுவருவான், மேஸ்திரி வாங்கிப் பார்ப்பார், "கிளப்புச் சொத்து, அடுத்த வருசம் கொண்டாந்துரு" என்று திருப்பிக் கொடுப்பார். அம்மா இப்போதே கோழியைப் பிடித்துக் கூடையால் கவிழ்த்து மூடி வைத்துவிட்டாள்.